பழனி வட்டாரத்தில் பாசனக் குழாய்ப் பள்ளம்: வாய்க்காலிலிருந்து மண்ணடிக் குழாய் வரை

பாசனக் குழாய்ப் பள்ளம் என்பது கிணறு, ஆழ்துளைக் கிணறு அல்லது நீர்த்தொட்டியிலிருந்து பயிருக்கு நீர் கொண்டுசெல்லும் குழாயைப் புதைப்பதற்காக நிலத்தில் வெட்டப்படும் குறுகலான நீள்பள்ளம் ஆகும். பொதுவாக 1 அடி அகலமும் ஒன்றரை முதல் 2 அடி ஆழமும் கொண்டது. வெட்டிய சில நாட்களில் மூடப்பட்டுவிடும். அணை, ஏரி, கிணறு ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதியதில்லை. ஆனால் திண்டுக்கல் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான பழனிச் சமவெளியில் கடந்த அரை நூற்றாண்டில் எந்த நிலத்துக்கு நீர் பாயும், எந்த நிலம் மானாவாரியாகக் கிடக்கும் என்பதை மாற்றியதில் இந்தச் சிறு பள்ளத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நிலமும் நீரும்

பழனி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளையான பழனிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில் உள்ளது. சங்க இலக்கியம் இப்பகுதியைப் பொதினி என்றும் ஆவியர் குடியின் நாடு என்றும் குறிப்பிடும். வள்ளல் எழுவரில் ஒருவரான வையாவிக் கோப்பெரும் பேகன் ஆண்ட பகுதி இது. மலையிலிருந்து இறங்கும் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி முதலிய ஓடைகள் சேர்ந்து சண்முகநதியாகி வடக்கே சென்று அமராவதியில் கலக்கின்றன. நகரத்தை ஒட்டி வையாபுரிக் குளமும் இடும்பன் குளமும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மறைவில் இருப்பதால் சமவெளி வடகிழக்குப் பருவமழையையும் மலையோடைகளையுமே பெரிதும் நம்பியிருக்கிறது.

பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், பொருந்தலாற்றின் இடக்கரையில் பொருந்தல் என்னும் ஊர் உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் இங்கு அகழாய்வு நடத்தினார். ஈமக்குழி ஒன்றில் இருந்த நான்கு கால் சாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. கதிர்க்கரிமக் காலக்கணிப்பு அந்நெல்லைக் கி.மு. 490ஐ ஒட்டியது எனக் காட்டியது. அதே குழியில் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த மட்கலத்தால்தான் இக்கண்டுபிடிப்பு அதிகம் பேசப்பட்டது. எழுத்தின் காலம் பற்றிய விவாதம் இன்றும் தொடர்கிறது. பாசன வரலாற்றைப் பார்ப்பவருக்கு எழுத்தைவிட நெல்லே முக்கியம். நெல் இருந்ததாலேயே வாய்க்கால் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மழை நீரில் விளையும் நெல்லும் உண்டு. ஆயினும் ஆற்றங்கரையில் நெல்லோடு வாழ்ந்த ஒரு சமூகம் நீரை மடக்கவும் திருப்பவும் அறிந்திருந்தது என்று கருதுவதில் பிழையில்லை.

மண்ணுக்கடியில் குழாய் வைப்பதும் தமிழகத்துக்குப் புதிதன்று. வைகைக் கரையில் கீழடியில் ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. ஆனால் அவை குடியிருப்புக்குள் சிறு தொலைவு நீர் செல்வதற்கானவை. வயலுக்கு நீர் கொண்டுபோக நேற்றுவரை திறந்த வாய்க்கால்தான்.

சரிவுக்குக் கட்டுப்பட்ட நீர்

வாய்க்காலுக்கும் குழாய்ப் பள்ளத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு சரிவு. திறந்த வாய்க்காலில் நீர் தானாக ஓட வேண்டும். எனவே வெட்டுபவர் நிலத்தின் மட்டத்தைப் பின்பற்றியே போக வேண்டும், குறுக்குவழி கிடையாது. சரிவு கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். கொங்கு நாட்டின் புகழ்பெற்ற காலிங்கராயன் வாய்க்கால் இதற்குச் சான்று. பவானி ஆற்றில் அணைகட்டி 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாக மரபு கூறும் இவ்வாய்க்கால் கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 56 மைல் வளைந்து வளைந்து செல்கிறது. ஒரு பாம்பு வழிகாட்ட, அது ஊர்ந்த தடத்திலேயே வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். பாம்புத் தடம் என்று கதை சொல்வதைப் பொறியாளர் சமமட்டக் கோடு என்பார். ரசமட்டம் இல்லாத காலத்தில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவர்களின் கைத்திறனே அந்தக் கதையாக மிஞ்சியிருக்கிறது எனலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரு நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லும்போது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு என்று சொல்கின்றன. அதாவது, வாய்க்கால்தான் நிலத்தின் முகவரி. வாய்க்காலின் தலைப்பில் இருந்தவருக்கு முதல் நீர், கடைமடையில் இருந்தவருக்கு மிச்ச நீர். வாய்க்கால் மட்டத்துக்கு மேலே இருந்த நிலம் மேட்டுநிலம், புன்செய். அங்கு சோளமும் கம்பும் கொள்ளும்தான். நன்செய், புன்செய் என்னும் பிரிவும், அதன்மேல் எழுந்த வரியும், நிலத்தின் விலையும், பல இடங்களில் குடிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வும் இந்தச் சரிவின்மேல் அமைந்தவை.

வெட்டியும் குடிமராமத்தும்

வாய்க்காலை வெட்டியது யார், எந்தக் கூலிக்கு என்பதற்கு நேரான ஆவணங்கள் குறைவு. கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்னும் சொற்கள் வருகின்றன. இவை கூலியின்றி ஊருக்கோ அரசுக்கோ செய்து தரவேண்டிய உடலுழைப்பைக் குறிப்பவை. பயனில்லாத வேலையை இன்று வெட்டிவேலை என்கிறோம். இச்சொல்லை மண்வெட்டியோடு தொடர்புபடுத்தத் தோன்றும். ஆனால் கட்டாய உழைப்பைக் குறிக்கும் விஷ்டி என்ற வடசொல்லோடுதான் அறிஞர்கள் இதைத் தொடர்புபடுத்துகின்றனர். கூலி கிடைக்காத வேலை என்ற பொருள் பயன் கிடைக்காத வேலை என்று மாறியது.

ஊரார் கூடிக் குளத்தைத் தூர்வாரி, வாய்க்காலைச் செதுக்கி, கரையைப் பலப்படுத்தும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்வந்த பத்தாண்டுகளில் பாளையங்கள் ஒடுங்கின. நிலவரி பணமாக உயர்ந்தது. நீர்நிலைப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பதில் குழப்பம் வந்தது. குடிமராமத்து தளர்ந்ததைக் கண்ட அரசு 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரார் உழைப்பைக் கட்டாயமாகப் பெறவும், வழக்கமான மராமத்தைச் செய்யத் தவறியவரிடம் அதற்கான செலவை வசூலிக்கவும் இது வழி செய்தது. பழைய வழக்கத்தைச் சட்டமாக்கினால் அது உயிர்பெறும் என்ற நம்பிக்கை இதில் தெரிகிறது. நிலவரியை முழுதாக எடுத்துக்கொண்டு மராமத்தை மட்டும் பழைய வழக்கப்படி எதிர்பார்த்தால் அது நடக்குமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் 100 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் பணத்தின் பெரும்பகுதியை அரசே தந்தது.

கிணறும் கவலையும்

ஆற்றுநீர் எட்டாத மேட்டில் கிணறு வெட்டினார்கள். கொங்குப் பகுதிக் கிணறுகள் அகலமானவை, பெரும்பாலும் சதுரமானவை. அடியில் பாறையைக் குடைந்து இறங்குபவை. நிலத்தை மேம்படுத்தக் கடன் தருவதற்கான 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிணறு வெட்டத் தக்காவிக் கடன் கிடைத்தது. மண்வேலையிலும் கல்வேலையிலும் தேர்ந்த ஒட்டர் சமூகத்தினர் ஊர் ஊராகச் சென்று கிணறும் குளமும் வெட்டினர். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் மண்ணைச் சுமந்தனர்.

கிணற்றிலிருந்து கவலை ஏற்றத்தில் மாடுகள் இழுத்த நீர் தொட்டியில் கொட்டி, மண் வாய்க்கால் வழியே பாத்திகளுக்குப் போனது. மண்வெட்டியோடு ஒருவர் வயலில் நின்று ஒவ்வொரு பாத்தியாக மடை திறந்து, மடை அடைத்துத் தண்ணீர் கட்டுவார். ஒரு சாலில் மேலேறும் நீர் சிறிது. மண் வாய்க்காலில் போகும் வழியில் அதில் ஒரு பங்கு மண்ணிலேயே கசிந்துவிடும். எனவே கிணற்றடி நிலம் நன்றாக விளையும். நான்கு வயல் தள்ளியிருந்த நிலம் காயும். கிணற்றின் கரையிலிருந்து இறங்கும் சரிவுதான் இங்கும் எல்லை வகுத்தது.

மின்சாரமும் நெகிழியும்

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரில் பஞ்சாலைகளும், அவற்றைத் தொடர்ந்து மோட்டார், பம்பு உற்பத்தியும் வளர்ந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் கொங்குக் கிணறுகளில் கவலையின் இடத்தை மின்மோட்டார் பிடித்தது. மின்கட்டணத்தை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் நடத்திய போராட்டங்கள் இந்த மாற்றத்தின் அரசியல் முகம். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானது.

மோட்டார் நீரை மேலே தூக்கியது மட்டுமன்று, அழுத்தத்தோடு தள்ளியது. அழுத்தம் இருந்தால் நீர் மேடேறும். அதற்கு வாய்க்கால் உதவாது, மூடிய குழாய் வேண்டும். முதலில் சிமென்ட் குழாய்களும் இரும்புக் குழாய்களும் பயன்பட்டன. அவை கனமானவை, விலையும் அதிகம். 1960களுக்குப் பின் பிவிசி குழாய் உள்நாட்டிலேயே உற்பத்தியானது. 20 அடி நீளக் குழாயை ஒருவரே தோளில் தூக்கிப் போகலாம், பசை தடவி இணைக்கலாம். ஆனால் வெயில் பட்டால் நாளடைவில் நொறுங்கும். உழவு மாடோ டிராக்டரோ ஏறினால் உடையும். ஆகவே அதைப் புதைக்க வேண்டியதாயிற்று. குழாய்ப் பள்ளம் பரவலானது இப்படித்தான்.

பாம்புத் தடம் இப்போது தேவையில்லை. கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவில் கயிறு பிடித்து நேர்கோட்டில் வெட்டலாம். மேடு வந்தாலும் ஏறலாம், பள்ளம் வந்தாலும் இறங்கலாம். கொங்குப் பகுதியின் ஆற்றோரங்களில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கிணறு வெட்டி, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்குக் குழாயில் நீர் கொண்டுபோனவர்கள் உண்டு. பல நூற்றாண்டுகளாகப் புன்செய் என்று எழுதப்பட்ட மேட்டில் தென்னையும் வாழையும் ஆயக்குடிக் கொய்யாவும் வந்தன. மோட்டாரும் குழாயும் வாங்க முடிந்தவருக்குச் சரிவின் ஆட்சி முடிந்தது. வாங்க முடியாதவருக்கு நிலைமை மோசமானது. பக்கத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்க, தன் கிணறு வற்றுவதை அவர் பார்க்க வேண்டியிருந்தது. தலைமடை, கடைமடை என்று நிலத்தின்மேல் இருந்த வேறுபாடு, ஆழம் என்ற பெயரில் நிலத்தடிக்குப் போனது. திண்டுக்கல் மாவட்டத்தின் பல ஒன்றியங்கள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டவை என்று அரசுக் கணக்கிலேயே வகைப்படுத்தப்பட்டுள்ளன.

சொட்டுநீர்

இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுநீர்க் கருவி 1965 முதல் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையில் தொழில்முறையில் தயாரானது. 1970களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இரா. கா. சிவனப்பன் இதை நம் பயிர்களில் சோதித்துப் பார்த்தார். பரவலாவதற்கு இன்னும் 30 ஆண்டுகள் ஆயின. இப்போது தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடு மானியமும் தரப்படுகின்றன.

சொட்டுநீர் அமைப்பில் பக்கக் குழாய்கள் தரைமேல் கிடக்கும். முதன்மைக் குழாயும் துணைக் குழாயும் மண்ணுக்கடியில் செல்லும். குழாயையும் வடிகட்டியையும் நிறுவனம் கொண்டுவந்தாலும், பள்ளம் பெரும்பாலும் விவசாயியின் தலையில்தான். சிறு விவசாயி தன் கையிலிருந்து முதலில் எடுத்துவைக்கும் பணம் பல நேரங்களில் இந்தப் பள்ளக் கூலியாகவே இருக்கும்.

பள்ளம் தோண்டும் முறை

கைவேலையில் பள்ளத்தின் அகலத்தைத் தீர்மானிப்பது குழாயன்று, மனிதனின் கால். 3 அங்குலக் குழாய்க்கு அரை அடிப் பள்ளம் போதும். ஆனால் உள்ளே கால் வைத்து நின்று மண்வெட்டியால் அள்ளுவதற்கு 1 அடியாவது வேண்டும். அதற்கு மேல் அகலப்படுத்தினால் உழைப்பு வீண், மூடிய பிறகு மண் அமிழ்வதும் அதிகம்.

முதலில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். பழனிச் சமவெளியின் பெரும்பகுதி செம்மண்; மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போது வெட்டுவது எளிது. காய்ந்திருந்தால் முந்தைய நாள் கோட்டின்மேல் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். ஒரு அடிக்குக் கீழே பல இடங்களில் சுக்கான் வந்துவிடும். அங்கு மண்வெட்டி ஓயும், கடப்பாரையும் குந்தாலியும் வேலை செய்யும். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் ஒதுக்குவது நல்ல வேலைக்கு அடையாளம். கலந்து மூடினால் அந்தக் கோட்டில் சில ஆண்டுகளுக்குப் பயிர் வெளிறி நிற்கும். கரிசல் கலந்த மண்ணில் வேறு சிக்கல். கோடையில் வெடித்தும் மழையில் உப்பியும் அந்த மண் அசைவதால் இணைப்புகள் விலகும்; அங்கே கொஞ்சம் ஆழமாகப் புதைப்பது நல்லது.

பள்ளத்தின் அடியில் கூர்ங்கல் இருக்கக்கூடாது. சலித்த மண்ணையோ மணலையோ இரண்டு விரல் கனம் பரப்பி அதன்மேல் குழாயை வைக்க வேண்டும். வெயிலில் நீண்டிருக்கும் குழாய் மண்ணின் குளிர்ச்சியில் சுருங்கும். எனவே விறைப்பாக இழுக்காமல் சற்று நெளிய விடுவார்கள். பசை காய்ந்தபின், இணைப்புகளை மூடாமல் விட்டு, குழாயின் நடுப்பகுதியில் மட்டும் மண் தள்ளி, கடைசி மூடியைக் கழற்றித் தண்ணீர் விட வேண்டும். உள்ளே புகுந்த மண்ணும் நெகிழித் துகளும் வெளியேறியபின் மூடியை மாட்டி அழுத்தம் ஏற்றினால் கசிவு தெரியும். வளைவுகளில் நீரின் தள்ளுவிசையைத் தாங்கக் கல்லோ சிமென்ட் கட்டியோ வைக்காவிட்டால் முழங்கை இணைப்பு கழன்றுவிடும். அவசரத்தில் இந்தச் சோதனையைத் தவிர்த்து மூடிவிட்டு, பின்னர் ஈரம் தெரியும் இடத்தையெல்லாம் மறுபடி தோண்டுவது ஊருக்கு ஊர் நடப்பதுதான். மூடும்போது தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் மேடாக மண் குவிக்க வேண்டும். முதல் மழையில் அது சமமாகிவிடும்.

புல்வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் இதே முறைதான், ஆழம் மட்டும் குறைவு. ஏர் போகாத இடம் என்பதால் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை போதும். புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்து நிழலில் வைத்து, குழாய் பதித்தபின் அதே வரிசையில் திரும்ப வைத்துத் தண்ணீர் விட்டால் சில வாரங்களில் தடம் மறைந்துவிடும்.

அளவும் கூலியும் இயந்திரமும்

மண்வேலையில் 100 கன அடி ஒரு யூனிட். 1 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 50 அடி நீளப் பள்ளம் ஒரு யூனிட் ஆகும். சதுரமான ஓர் ஏக்கரின் பக்கம் சுமார் 209 அடி. ஒரு பக்கம் முதன்மைக் குழாயும் குறுக்கே துணைக் குழாயும் போட்டால் ஏறத்தாழ 400 அடி, அதாவது 8 யூனிட் மண். அதை வெட்டவும் வேண்டும், திரும்பத் தள்ளவும் வேண்டும். தனியார் தோட்டங்களில் அடிக்கணக்கில் கூலி பேசுவது வழக்கம். செம்மண்ணுக்குப் பேசிய கூலியில் சுக்கான் வந்துவிட்டால் தகராறு வரும். அனுபவமுள்ளவர்கள் இரண்டு மூன்று இடத்தில் குழி பார்த்த பிறகே விலை சொல்வார்கள்.

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாகத் தொடங்கிய 200 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. குளம் தூர்வாருதல், வரத்து வாய்க்கால் வெட்டுதல் ஆகியவை இதில் முக்கிய வேலைகள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். முன்பு மண் சுமப்பவர்களாகவே கணக்கில் இருந்தவர்கள் இங்கு மண்வெட்டியும் பிடித்தனர், ஆணுக்கு நிகரான கூலி விகிதமும் பெற்றனர். இதில் ஒப்பந்தக்காரரும் மண் அள்ளும் இயந்திரமும் கூடாது என்பது விதி.

தனியார் நிலத்தில் அந்தத் தடை இல்லை. குறுகிய பள்ளத்துக்கான இயந்திரத்தின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. ஒகையோ மாநிலத்தின் சதுப்பு நிலங்களில் வடிகால் ஓடு புதைக்க ஜேம்ஸ் ஹில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிப் பள்ளம் வெட்டியைக் காப்புரிமை செய்தார். 1949இல் ஒக்லஹோமாவில் எட் மால்சான், வீட்டுக் குழாய்களுக்கான குறுகிய பள்ளம் வெட்டச் சங்கிலிப் பற்களுடைய சிறு இயந்திரத்தை வடிவமைத்தார். நம் ஊருக்கு வந்தது வேறு. 1979இல் ஹரியானாவின் பல்லப்கரில் ஜேசிபி உற்பத்தி தொடங்கியது. இன்று அந்த நிறுவனப் பெயரே மண் அள்ளும் இயந்திரத்துக்கெல்லாம் பெயர். 1 அடி வாளி மாட்டிய ஜேசிபி, ஒரு குழு நாள்முழுதும் வெட்டும் பள்ளத்தைச் சிறு நேரத்தில் வெட்டிவிடும். ஆனால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்தே வெளிவரும், பழைய குழாய் எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. வரப்போரத் தென்னையின் வேரைச் சுற்றிப் போகவும் அதற்குத் தெரியாது. அந்த இடங்களில் இன்றும் கைவேலைதான்.

பாத்தியதை

வாய்க்கால் பலர் நிலத்தின் வழியே போகும். அதனால் அது பலருடையது. ஒருவர் அடைத்தால் அடுத்தவருக்கு அன்றே தெரியும். நிலப் பத்திரங்களில் கிணற்றில் இன்ன பாகம், நீர் பாயும் மாமூல் வாய்க்கால் பாத்தியதை, வண்டித்தடம் என்று எழுதுவது நெடுநாள் வழக்கம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், அமைதியாகவும் வெளிப்படையாகவும் தடையின்றியும் 20 ஆண்டுகள் உரிமையாக அனுபவித்த இத்தகைய பயன்பாட்டை உரிமையாக ஏற்கிறது.

குழாய் வந்தபின் பத்திரங்களில் குழாய் பதித்துக்கொள்ளும் பாத்தியதை என்ற தொடரும் சேர்ந்தது. ஆனால் பல குழாய்கள் வாய்ப்பேச்சிலேயே பங்காளி நிலத்தின் அடியில் போயின. அண்ணன் தம்பி பாகம் பிரிந்து, நிலம் வெளியாருக்கு விற்பனையாகி, வீட்டுமனையாக மாறும்போது அந்தப் பேச்சு செல்லாது. வெளிப்படையாக அனுபவித்தது என்று நிரூபிக்கவோ, மண்ணுக்கடியில் இருப்பதைக் காட்ட வழியில்லை. அடித்தள வேலைக்கு வரும் இயந்திரம் குழாயை உடைக்கும் நாளில்தான் அது அங்கே இருந்தது புது உரிமையாளருக்குத் தெரியவரும். இதைத் தவிர்க்க, திருப்பங்களில் எல்லைக்கல் போலக் கல் நடுவதும், மூடுமுன் பள்ளத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, கிணற்று மேட்டிலிருந்து இத்தனை அடி என்று குறித்துப் பத்திரத்தோடு வைப்பதும் இப்போது சிலர் கைக்கொள்ளும் வழி.

பழனிமலை அடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு ஆகிய மூன்று அணைகளும் அவற்றின் வாய்க்கால்களும் இன்றும் இயங்குகின்றன. அவற்றின் பாசனப் பரப்புக்குள்ளேயே கிணறும் குழாயும் உள்ள தோட்டங்கள் பல. வாய்க்காலில் நீர் வரும்போது கிணறு ஊறுகிறது, கிணற்று நீர் குழாயில் ஏறி வாய்க்கால் எட்டாத மேட்டுக்குப் போகிறது. குழாய் வைத்திருப்பவரும் வாய்க்கால் தூர்வாரும் நாளில் ஆள் அனுப்ப வேண்டுமா என்பது, பாசன சபைக் கூட்டங்களில் எளிதில் தீராத கேள்வி.